பிசியாலஜியும் பேத்தாலஜியும் படிப்பவர்களுக்கு: கேள்வி பதில்

வந்த கேள்விகள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்திருக்கிறேன். நான் முதலில் பிசியாலஜி (உடம்பு எப்படி இயங்குகிறது என்ற துறை) படித்தேன், பிறகு பேத்தாலஜி (நோய் எப்படி உண்டாகிறது, திசுவை எப்படி மாற்றுகிறது என்ற துறை). இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டையும் கற்பிக்கிறேன். சொந்த உடம்புக்கு என்ன மருந்து என்று கேட்டவர்கள் தயவுசெய்து உங்கள் மருத்துவரைப் பாருங்கள். இங்கே படிப்பைப் பற்றி மட்டும்.

பள்ளிப் படிப்பை முடித்த ஒரு மாணவி: மேடம், இந்த இரண்டையும் ஏன் ஒரே பட்டப்படிப்பாக வைக்கிறார்கள்? இதை முடித்தால் டாக்டர் ஆகலாமா?

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். ஆக முடியாது. இது அறிவியல் பட்டம். நோயாளிக்குச் சிகிச்சை தரும் உரிமம் இதில் கிடைக்காது. பயாப்ஸி (உடம்பிலிருந்து சிறு திசுவை எடுத்துச் சோதிப்பது) அறிக்கையில் கையெழுத்துப் போடும் பேத்தாலஜிஸ்ட் பெரும்பாலான நாடுகளில் மருத்துவம் படித்து, அதன்பிறகு பேத்தாலஜியில் பயிற்சி பெற்றவராக இருப்பார். மருத்துவம் படிக்கத்தான் ஆசை என்றால் அதற்கான வழியை முதலிலேயே தேடுங்கள். நோய் எப்படி உண்டாகிறது என்பதைத் தெரிந்துகொள்ளும் ஆசை என்றால் இந்தப் படிப்பைப் போல வேறு ஒன்று கிடையாது.

ஏன் சேர்த்து வைக்கிறார்கள்? விரலில் வெட்டு விழுந்தால் ரத்தம் உறைகிறது. ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்கள் ஒட்டுகின்றன, ஃபைப்ரின் என்ற புரத இழை வலை பின்னுகிறது, உயிர் பிழைக்கிறோம். அதே தட்டணுக்கள், அதே ஃபைப்ரின், இதயத் தமனியில் கொழுப்புப் படிவு வெடித்த இடத்தில் இதே வேலையைச் செய்தால் அது மாரடைப்பு. ரத்த உறைதல் பாடத்தைப் பிசியாலஜியில் ஒழுங்காகப் படித்தவருக்கு மாரடைப்பின் பாதி அப்போதே தெரிந்துவிடுகிறது. உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் ஏற்பாடுகள்தான் பெரும்பாலான நோய்களில் வேறு இடத்தில், வேறு அளவில், வேறு நேரத்தில் வேலை செய்கின்றன. நான் கீழே சொல்லப்போகும் பதில்களில் முக்கால்வாசி இதையே சுற்றிச் சுற்றி வரும்.

உயிரியல் மட்டும் விருப்பமாகப் படித்தவர்: கணக்கும் இயற்பியலும் எனக்குச் சுத்தமாக வராது. சமாளிக்க முடியுமா?

முடியும். ஆனால் ஒதுக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். தேவைப்படும் கணக்கு கொஞ்சம்தான்: விகிதம், லாகரிதம், வரைபடத்தைப் படிக்கும் பழக்கம், அப்புறம் அடிப்படைப் புள்ளியியல். அந்தக் கொஞ்சம் இல்லாமல் போனால் முக்கியமான இடங்களில் நின்றுவிடுவீர்கள்.

ஓர் உதாரணம். குழாயில் திரவம் ஓடும்போது எதிர்ப்பு, ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும் என்பது புவாசே விதி. ஆரம் பாதியானால் எதிர்ப்பு 16 மடங்கு. இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால், சின்னத் தமனிகள் லேசாகச் சுருங்கினாலே ரத்த அழுத்தம் ஏன் ஏறுகிறது, ஆஸ்துமாவில் மூச்சுக்குழல் கொஞ்சம் வீங்கினாலே மூச்சு ஏன் அவ்வளவு திணறுகிறது, இரண்டும் விளங்கிவிடும்.

இன்னொன்று நெர்ன்ஸ்ட் சமன்பாடு: செல் சவ்வின் இரண்டு பக்கமும் ஓர் அயனி எவ்வளவு இருக்கிறது என்பதிலிருந்து மின்னழுத்தத்தைக் கணக்கிடுவது. செல்லுக்குள் பொட்டாசியம் சுமார் 140, வெளியே 4 மில்லிமோல். இந்த இரண்டு எண்களைப் போட்டால் மைனஸ் 90 மில்லிவோல்ட்டுக்குப் பக்கத்தில் வரும். இதயத் தசைச் செல்லின் ஓய்வுநிலை மின்னழுத்தமும் ஏறக்குறைய அதுதான். வெளியே இருக்கும் பொட்டாசியத்தை 4-இலிருந்து 8 ஆக்கிப் பாருங்கள், விடை எங்கே நகர்கிறது என்று கவனியுங்கள். சிறுநீரகம் செயலிழந்தவரின் இதயத் துடிப்பு ஏன் தாறுமாறாகிறது என்பதற்கான தொடக்கம் அங்கே கிடைக்கும். கணக்குக்குப் பயந்தவர்கள் இந்தக் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தபின் முகம் மாறுவதை வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

முதலாம் ஆண்டு மாணவர்: எவ்வளவு படித்தாலும் அடுத்த வாரம் மறந்துவிடுகிறது. மஞ்சள் மார்க்கரில் கோடு போட்டுத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். வேறு வழி உண்டா?

உண்டு. மார்க்கரை மூடி வைத்துவிடுங்கள். ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு பகுதி மாணவர்கள் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. உங்களுக்கு நடப்பதும் இதேதான். வாசித்து முடித்ததும் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், அந்த உணர்வை நம்பக்கூடாது.

பிசியாலஜியில் எழுதிப் பார்ப்பது என்றால் வெற்றுத்தாளில் அம்புக்குறி போட்டுச் சங்கிலி வரைவது. படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து நிற்கிறார், என்ன நடக்கும்? அரை லிட்டருக்குக் குறையாத ரத்தம் கால் பக்கம் இறங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவு குறைகிறது, அழுத்தம் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் இருக்கும் அழுத்த உணரிகள் இதைக் கவனிக்கின்றன, மூளைத்தண்டின் முகுளத்துக்குத் தகவல் போகிறது, பரிவு நரம்புகள் இதயத்தை வேகப்படுத்தி ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. அழுத்தம் மீள்கிறது. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

இப்போது ஒவ்வோர் அம்பிலும் கைவைத்து "இது அறுந்தால்?" என்று கேளுங்கள். நரம்பு அம்பு அறுந்தால், அதாவது நீண்டகால நீரிழிவில் தன்னியக்க நரம்புகள் கெட்டுப்போனால், எழுந்ததும் தலைசுற்றும். ரத்த அளவே குறைந்திருந்தால், அதாவது வயிற்றுப்போக்கிலோ ரத்தப்போக்கிலோ, நரம்பு சரியாக இருந்தும் அழுத்தம் நிற்காது; துடிப்பு மட்டும் வேகமாக ஓடும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 இறங்கினால் அதை நோய்க்குறியாக எடுத்துக்கொள்கிறோம். ஒரே படம், இரண்டு பாடம். இப்படி வரைந்த படம் சுலபமாக மறக்காது.

இரண்டாம் ஆண்டு மாணவி: எங்களுக்குப் பிசியாலஜி ஒரு செமஸ்டரிலும் பேத்தாலஜி இன்னொரு செமஸ்டரிலும் வருகிறது. இரண்டாவது வரும்போது முதலாவது போய்விடுகிறது. எப்படி இணைப்பது, மேடம்?

பேத்தாலஜியில் ஒவ்வொரு பாடம் தொடங்கும் முன்னும் அந்த உறுப்பின் பிசியாலஜிக் குறிப்பை அரை மணி நேரம் திரும்பப் பாருங்கள். நேரம் வீணாகாது, மிச்சமாகும். இதயச் செயலிழப்பை எடுத்துக்கொண்டு எப்படி என்று காட்டுகிறேன்.

ஓய்வில் இருக்கும் வயது வந்தவரின் இதயம் துடிப்புக்கு சுமார் 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 70 சொச்சம் துடிப்பு என்று ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. இடது கீழறை பலவீனமாகிறது என்று வையுங்கள். வெளியேறும் ரத்தம் குறைகிறது. சிறுநீரகத்துக்கு வரும் ரத்தமும் குறைகிறது. சிறுநீரகத்துக்கு இதயம் பலவீனமானது தெரியாது. அது கற்றுவைத்திருப்பது ஒன்றுதான்: எனக்கு ரத்தம் குறைவாக வந்தால் உடம்பில் திரவம் குறைந்துவிட்டது. உடனே ரெனின் என்ற நொதி சுரக்கிறது, அதனால் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் உருவாகிறது, அடுத்து ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் வருகிறது, உப்பும் நீரும் தேங்குகின்றன. ரத்தப்போக்கு ஏற்பட்டவரைக் காப்பாற்றும் அதே ஏற்பாடு இங்கே பலவீனமான இதயத்தின் மேல் மேலும் சுமையை ஏற்றுகிறது.

இடது பக்கம் தள்ள முடியாத ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்குகிறது. நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி, திரவம் காற்றறைகளுக்குள் கசிகிறது. படுத்தால் மூச்சு முட்டுவது இதனால்தான். கசிந்த சிவப்பணுக்களை மேக்ரோஃபேஜ்கள் (கழிவை விழுங்கும் செல்கள்) விழுங்கி, இரும்பைப் பழுப்பு நிறத் துகள்களாகச் சேர்த்துவைக்கின்றன. மைக்ரோஸ்கோப்பில் இவற்றைத்தான் 'இதயச் செயலிழப்புச் செல்கள்' என்கிறோம். பெயர் இதயத்தைச் சொல்லும், ஆனால் பார்க்கும் இடம் நுரையீரல். வலது பக்கமும் தளர்ந்தால் தேக்கம் கல்லீரலுக்குப் போகிறது. ஒவ்வொரு நுண்மடலின் நடுப்பகுதியும் ரத்தம் தேங்கிச் சிவந்து, சுற்றுப்பகுதி வெளிறி, ஜாதிக்காயை வெட்டியது போலத் தெரியும் என்பதால் ஜாதிக்காய் ஈரல் என்று பெயர். ரெனின் சங்கிலியைத் தடுக்கும் மருந்துகள் இதயச் செயலிழப்பில் ஏன் உதவுகின்றன என்பதை இனி யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தேர்வில் "இதயச் செயலிழப்பில் நுரையீரல் மாற்றங்களைப் பட்டியலிடுக" என்று கேட்பார்கள். பட்டியலை மனப்பாடம் செய்தவருக்கு ஐந்தில் ஒன்று விடுபடும். சங்கிலியைப் பிடித்தவருக்குப் பட்டியல் தானாக வரும்.

ஸ்லைடு பார்த்தே களைத்துப்போனவர்: எனக்கு எல்லா ஸ்லைடும் ஒரே ரோஜா நிறமாகத்தான் தெரிகிறது. மற்றவர்கள் உடனே கண்டுபிடிக்கிறார்கள். எனக்குக் கண் இல்லையோ?

கண் இருக்கிறது, வரிசைதான் இல்லை. பெரும்பாலானவர்கள் செய்வது இது: ஸ்லைடை வைத்ததும் பெரிய லென்ஸுக்குப் போய்விடுவார்கள். அங்கே எல்லாமே செல்தான், எல்லாமே ஒரே மாதிரிதான்.

முதலில் மைக்ரோஸ்கோப்பில் வைக்காமல், ஸ்லைடை வெளிச்சத்துக்கு நேராகக் கையில் பிடித்துப் பாருங்கள். திசு எவ்வளவு பெரியது, திடமாக இருக்கிறதா, ஓட்டைகள் இருக்கின்றனவா, ஓரத்தில் வேறு நிறமா? நுரையீரல், தோல், நிணநீர்க்கணு போன்றவை வெறும் கண்ணிலேயே பிடிபடும். அடுத்து மிகச் சிறிய லென்ஸ். அங்கே கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இது எந்த உறுப்பு? அதற்கு விடை தெரியாமல் மேலே போகாதீர்கள். விடை தெரிந்த பிறகு அடுத்த கேள்வி, அந்த உறுப்பில் இருக்க வேண்டியது எது இல்லை, இருக்கக்கூடாதது எது இருக்கிறது? அதற்குப் பிறகுதான் பெரிய லென்ஸ்.

நிறங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹீமட்டாக்சிலின் என்ற சாயம் செல்லின் கருவை நீலமாக்குகிறது, இயோசின் என்ற சாயம் மற்றதை ரோஜா நிறமாக்குகிறது. ஆக, ஓர் இடம் சின்ன லென்ஸிலேயே நீலமாகத் தெரிந்தால் அங்கே கருக்கள் நெருக்கமாக இருக்கின்றன என்று பொருள்: அழற்சிச் செல்கள் கூடியிருக்கலாம், அல்லது கட்டி. கருவே இல்லாமல் வெறும் ரோஜாவாக இருந்தால் திசு இறந்திருக்கலாம். வெள்ளை ஓட்டையாக இருந்தால் அங்கே இருந்தது எது என்று கேளுங்கள். கொழுப்பு ஈரலில் தெரியும் வட்ட ஓட்டைகளில் உயிரோடு இருக்கும்போது கொழுப்பு இருந்தது. திசுவை மெழுகில் பதிக்கும் முன் ஆல்கஹாலும் சைலீனும் அதைக் கரைத்துவிட்டன. கொழுப்பையே பார்க்க வேண்டுமானால் திசுவை உறையவைத்துச் சீவி வேறு சாயம் போட வேண்டும். ஸ்லைடு எப்படித் தயாராகிறது என்று ஒருநாள் லேபில் நின்று முழுக்கப் பாருங்கள். திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின், ஆல்கஹால், சைலீன், மெழுகு, பிறகு 3 முதல் 5 மைக்ரான் தடிப்பில் சீவல். இதைப் பார்த்தவர்களுக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மடிப்பையும் கிழிசலையும் நோய் என்று நினைக்கமாட்டார்கள்.

அளவு தெரியவில்லை என்றால் பக்கத்தில் ஒரு சிவப்பணுவைத் தேடுங்கள். அதன் குறுக்களவு 7 முதல் 8 மைக்ரான். பெரும்பாலான ஸ்லைடுகளில் எங்காவது ஒன்று கிடைக்கும்.

உடனே கண்டுபிடிக்கும் நண்பர்களில் சிலர் ஸ்லைடின் ஓர உடைப்பையோ லேபிளையோ பார்த்து மனப்பாடம் செய்தவர்களாக இருப்பார்கள். அவர்களோடு உங்களை ஒப்பிட வேண்டாம்.

ஒரு மாணவர்: நெக்ரோசிஸ் (உயிருள்ள உடம்பில் திசு இறப்பது) வகைகள் எப்போதும் குழம்புகின்றன.

எந்த உறுப்பு, என்ன காரணம் என்று இரண்டே கேள்வி போதும். ரத்த ஓட்டம் நின்று இறந்த இதயம், சிறுநீரகம், மண்ணீரல் எல்லாம் உறைவு வகை. செல்லின் உருவரை சில நாள் அப்படியே நிற்கும், ஏனென்றால் செரிக்க வேண்டிய நொதிகளும் சேர்ந்தே கெட்டுவிட்டன. மூளை மட்டும் விதிவிலக்கு, அங்கே திசு திரவமாகிவிடும். சீழ்க்கட்டியிலும் திரவம்தான், நியூட்ரோஃபில்களின் (கிருமியை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளையணு) நொதிகள் கரைத்துவிடுகின்றன. காசநோய் என்றால் பாலாடைக்கட்டி போன்ற உதிரும் வகை. கணைய அழற்சி என்றால் கொழுப்பு வகை: கணையத்தின் லைபேஸ் என்ற நொதி கொழுப்பை உடைக்க, வரும் கொழுப்பு அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் புள்ளிகளாகப் படியும். அதனால்தான் கடுமையான கணைய அழற்சியில் ரத்தக் கால்சியம் இறங்கலாம். இந்தக் கடைசி வாக்கியத்தைத் தேர்வில் எழுதுங்கள், திருத்துபவர் மகிழ்ச்சியடைவார்.

அதே மாணவர்: மாரடைப்பில் மணி வாரியாக மாற்றங்களைக் கேட்கிறார்கள். அது வெறும் மனப்பாடம்தானே?

கொஞ்சம் மனப்பாடம் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் அது காயம் ஆறும் கதை, அவ்வளவே. முதல் சில மணி நேரம் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அரை நாளுக்குள் உறைவு நெக்ரோசிஸ் தெரியத் தொடங்கும். ஒன்றிலிருந்து மூன்று நாளில் நியூட்ரோஃபில்கள் குவியும். மூன்றிலிருந்து ஏழு நாளில் மேக்ரோஃபேஜ்கள் வந்து இறந்த தசையை அள்ளும். இங்கே நிறுத்தி யோசியுங்கள். பழைய தசை போய்விட்டது, புதுத் தழும்பு இன்னும் வரவில்லை. இதயச் சுவர் மிகவும் மென்மையாக இருக்கும் காலம் இது. சுவர் வெடிக்கும் ஆபத்து இந்த நாட்களில்தான் அதிகம். பிறகு ஒரு வாரத்தை ஒட்டிப் புது ரத்தக் குழாய்களோடு குருணைத் திசு (காயத்தை நிரப்பும் மென்மையான புதுத் திசு), இரண்டு மாதத்தில் கெட்டித் தழும்பு. நோயாளியின் படுக்கையோடு சேர்த்துப் படித்தால் எந்த அட்டவணையும் உயிர் பெற்றுவிடும்.

இரவு ஷிஃப்டில் வேலை செய்யும் லேப் டெக்னீஷியன், வயது 38: பல வருடம் ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறேன். இப்போது பட்டம் படிக்கச் சேர்ந்திருக்கிறேன். இளைஞர்களோடு போட்டிபோட முடியுமா?

உங்களிடம் அவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: எண்கள் உங்களுக்கு அந்நியம் இல்லை. வகுப்பில் "பொட்டாசியம் 7" என்றால் மற்றவர்கள் குறிப்பெடுப்பார்கள், நீங்கள் திடுக்கிடுவீர்கள். மாதிரி சிதைந்து, சிவப்பணு உடைந்து, உள்ளே இருந்த பொட்டாசியம் வெளியே வந்திருக்குமோ என்று உடனே கேட்பீர்கள். அந்தக் கேள்விக்கு மற்றவர்கள் வந்துசேர ஆண்டுக்கணக்காகும்.

உங்களுக்குக் கடினமாக இருக்கப்போவது நேரமும் தூக்கமும். ஷிஃப்ட் முடிந்து வந்து இரண்டு மணி நேரம் வாசிக்க முயலாதீர்கள், நிற்காது. இருபது நிமிடம், ஒரு சங்கிலிப் படம், போதும். தினமும் அதைச் செய்தால் செமஸ்டர் முடிவில் பெரிய அடுக்கே சேர்ந்திருக்கும். அப்புறம், வேலையில் பார்க்கும் விசித்திரமான அறிக்கை ஒவ்வொன்றையும், நோயாளியின் அடையாளம் எதுவும் இல்லாமல், எண்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதி "இதற்குப் பின்னால் எந்தச் சங்கிலி?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் ஆண்டு மாணவி: அக்கா என்று கூப்பிடலாமா? அமில-காரச் சமநிலை வந்தாலே எனக்குக் கை நடுங்குகிறது.

தாராளமாகக் கூப்பிடுங்கள். ஓர் எடுத்துக்காட்டைச் சேர்ந்தே போடுவோம். பிஎச் 7.25, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 28, பைகார்பனேட் 12. இயல்பு அளவுகள் முறையே 7.35 முதல் 7.45, 35 முதல் 45, 22 முதல் 26.

பிஎச் குறைவு, ஆகவே அமிலம். அமிலத்துக்குக் காரணம் யார்? கார்பன் டை ஆக்சைடு கூடியிருந்தால் நுரையீரலைக் குற்றம் சொல்லலாம். இங்கே அது குறைந்திருக்கிறது. பைகார்பனேட் குறைந்திருக்கிறது, ஆகவே வளர்சிதை மாற்ற அமிலத்தன்மை. அப்படியானால் கார்பன் டை ஆக்சைடு ஏன் குறைந்தது? நுரையீரல் ஆழமாக மூச்சுவிட்டு ஈடுகட்டுகிறது. போதுமான அளவு ஈடுகட்டுகிறதா? பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி 8 கூட்டுங்கள்: 26, இரண்டு முன்பின். நம்மிடம் இருப்பது 28. சரியாக இருக்கிறது, நுரையீரலில் தனிப் பிரச்சினை இல்லை. அந்த எண் 40 ஆக இருந்தால் நோயாளி களைத்துப்போகிறார் என்று பயப்பட வேண்டும். அடுத்து சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்து, இடைவெளி கூடியிருக்கிறதா பாருங்கள். கூடியிருந்தால் கீட்டோன், லாக்டேட் போன்ற புது அமிலம் எங்கிருந்தோ வந்திருக்கிறது. இல்லையென்றால் பைகார்பனேட் வெளியே போயிருக்கிறது, பெரும்பாலும் குடல் வழியாகவோ சிறுநீரகம் வழியாகவோ.

தினமும் ஒரு கணக்கு என்று ஒரு மாதம் போடுங்கள். நடுக்கம் போய்விடும்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: பிரேதப் பரிசோதனையையும் உறுப்பு மாதிரிகளையும் நினைத்தால் மயக்கம் வருகிறது. இந்தப் படிப்பை விட்டுவிடலாமா?

அதற்காக விட வேண்டாம். முதல்முறை கால் தளர்வது மிகச் சாதாரணம், பழகினால் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், முழங்காலை விறைப்பாக வைத்து நிற்காதீர்கள், தலை லேசானால் கூச்சப்படாமல் உட்கார்ந்துவிடுங்கள். விழுந்து அடிபடுவதுதான் உண்மையான ஆபத்து. அறிவியல் பட்டப்படிப்புகள் பலவற்றில் பிரேதப் பரிசோதனை கட்டாயமாகவும் இருக்காது. சேரும் முன் பாடத்திட்டத்தைப் பாருங்கள்.

அதோடு ஒன்று. அந்த மேசையில் இருப்பவர் ஒருவருடைய அம்மாவாக, மகனாக இருந்தவர். உங்களுக்கு வரும் கலக்கம் தவறான உணர்வு இல்லை. அது முழுவதுமாகப் போய்விடக்கூடாது என்றுகூட நினைக்கிறேன்.

ஒரு மாணவி: ஃபார்மலின் வாசனையில் கண் எரிகிறது. பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

கூடாது. ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மாதிரிகளைத் தண்ணீரில் அலசிய பிறகு பாருங்கள், காற்று உறிஞ்சும் மேசையில் வேலை செய்யுங்கள், கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். கண் எரிந்தால் பொறுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். சகித்துக்கொள்வது இங்கே திறமை கிடையாது.

கவலையில் இருக்கும் ஒரு மாணவர்: எந்த நோயைப் படித்தாலும் எனக்கு அது இருப்பதாகத் தோன்றுகிறது. லிம்போமா (நிணநீர்க்கணுக்களில் வரும் புற்றுநோய்) பாடம் நடந்த வாரம் முழுக்கக் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

தம்பி, இது இந்தப் படிப்பில் அடிக்கடி பார்ப்பதுதான். கழுத்தில் சின்னச் சின்னக் கணுக்கள் நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் தட்டுப்படும். தடவத் தடவ அந்த இடம் வலிக்கவும் செய்யும். பயம் விடவில்லை என்றால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், இணையத்தில் தேடாதீர்கள். இது வாரக்கணக்கில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுக்கிறது என்றால் பல்கலைக்கழக ஆலோசகரைப் பார்ப்பது அவசியம்.

பயோகெமிஸ்ட்ரி படிப்பவர்: பேத்தாலஜி பழைய துறை இல்லையா? புதிதாகக் கண்டுபிடிக்க என்ன மிச்சம்? கணினியே ஸ்லைடு படித்துவிடும் என்கிறார்களே.

பழைய துறைதான், அதில் எனக்குப் பெருமை. இத்தாலிய மருத்துவர் மோர்கானி 1761-இல் நோயின் அறிகுறியை இறந்தவர் உடலில் கண்ட உறுப்பு மாற்றத்தோடு இணைத்துப் பெரும் தொகுப்பாக வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 79. ஜெர்மன் மருத்துவர் விர்ஷோ 1858-இல் அதைச் செல் வரைக்கும் கொண்டுபோனார். அதோடு முடிந்ததா? 1979-இல் ராபின் வாரன் என்ற ஆஸ்திரேலிய பேத்தாலஜிஸ்ட் இரைப்பை பயாப்ஸியில் வளைந்த பாக்டீரியாக்களைக் கவனித்தார். அமிலத்தில் எதுவும் வளராது என்று எல்லோரும் நம்பிய காலம். பேரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சி வரவழைத்துக் காட்டினார். வயிற்றுப்புண்ணுக்கான சிகிச்சையே மாறியது, 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. தொடங்கியது எங்கே? தினசரி வேலையாக வந்த ஒரு சாதாரண ஸ்லைடில், எல்லோரும் தாண்டிப்போன ஒன்றை ஒருவர் நின்று பார்த்ததில்.

கணினி விஷயம்: முழு ஸ்லைடையும் ஸ்கேன் செய்து திரையில் பார்த்து நோய் நிர்ணயம் செய்யும் கருவிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் முதன்முறையாக அனுமதி தந்தது. மைட்டோசிஸ் (பிரிந்துகொண்டிருக்கும் செல்கள்) எண்ணுவது, பெரிய ஸ்லைடில் சின்னப் புற்றுத் துணுக்கைத் தேடுவது போன்றவற்றில் மென்பொருள் நன்றாக உதவும். ஆனால் அது சொல்வது நோயாளியின் மற்ற விவரங்களோடு பொருந்துகிறதா என்று பார்க்க, நோய் எப்படி உண்டாகிறது என்று தெரிந்த ஒருவர் வேண்டும். நிரல் எழுதக் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். பயோகெமிஸ்ட்ரி தெரிந்தவர் நீங்கள், உங்களுக்கு இங்கே நல்ல இடம் இருக்கிறது.

பலர்: இயல்பு அளவுகள் எத்தனை மனப்பாடம் செய்ய வேண்டும்?

முப்பது இருந்தால் போதும். அளவை மட்டும் படிக்காமல் அதற்கு ஒரு துணை எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். சிறுநீரகம் நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர் வடிகட்டுகிறது, அதாவது நாளுக்கு 180 லிட்டர். சிறுநீராக வெளியே வருவது ஒன்றரை லிட்டர். மீதியைச் சிறுநீரகம் ரத்தத்துக்கே திரும்ப எடுத்துக்கொள்கிறது, இதுதான் மீளுறிஞ்சல். இப்போது, மீளுறிஞ்சல் ஒரே ஒரு சதவீதம் குறைந்தால் சிறுநீர் எவ்வளவு கூடும் என்று நீங்களே சொல்லுங்கள்.

தேர்வுக்குக் காத்திருப்பவர்: வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தெரியாத கேள்வி வந்தால்?

தெரிந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். "இது எனக்கு நேரடியாகத் தெரியாது, ஆனால் இந்த உறுப்பின் வேலை இது, அது தடைபட்டால் இப்படி ஆகும் என்று நினைக்கிறேன்" என்று சத்தமாக யோசியுங்கள். தேர்வாளர்கள் எதிர்பார்ப்பது அதைத்தான். பட்டியலை ஒப்பிப்பவரை நடுவில் நிறுத்தி "ஏன்?" என்று கேட்போம், அந்த "ஏன்" கேள்விக்குத் தயாராக வருபவரிடம் பெரும்பாலும் அடுத்த கேள்வி சுலபமாகவே இருக்கும்.

அடுத்த மாதம் வகுப்பு தொடங்கும் மாணவி: அதற்குள் எதையாவது படித்து வைக்கலாமா? சொந்தமாக மைக்ரோஸ்கோப் வாங்க வேண்டுமா?

மைக்ரோஸ்கோப் வேண்டாம், பல பல்கலைக்கழகங்களின் ஸ்லைடுகள் இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. படிப்பதானால் இரண்டே இரண்டு: செல் சவ்வின் வழியாகப் பொருட்கள் எப்படிக் கடக்கின்றன, பின்னூட்டக் கட்டுப்பாடு எப்படி வேலை செய்கிறது. பெரிய பாடநூலை முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். மீதி நேரத்தில் நன்றாகத் தூங்குங்கள், உங்கள் துடிப்பை உட்கார்ந்தும் நின்றும் எண்ணிப் பாருங்கள், வித்தியாசம் ஏன் என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டு எழுதி முதல் வகுப்புக்குக் கொண்டுபோங்கள்.